கையெழுத்து விழாத மூன்று பக்கங்கள்

பந்தியில் ஒருநாளும் உட்காராத என் அப்பாவுக்கு,

இதைத் தமிழில் எழுதுகிறேன். நான் எழுதிய புத்தகம் மலையாளத்தில் வந்தது. உங்களுக்கு வாசிக்கத் தெரிந்தது உங்கள் வேதாகமத்தின் தமிழ் மட்டும்தான், அதுவும் வரிக்கு வரி விரல் வைத்து. அந்தப் புத்தகத்தை நான்தான் உங்களுக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அது வெளிவரும்போது நீங்கள் இல்லை. இருந்திருந்தாலும் வாசித்துக் காட்டியிருப்பேனா?

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவின் முட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. கிணற்றடியில் நீங்கள் நட்ட செந்துளுவன் வாழை குலை தள்ளிவிட்டது. முதல் குலை காணிக்கையாக ஆலயத்து ஏலத்துக்குத்தான் என்று அம்மா சொல்லிவிட்டாள். பாறசாலைச் சந்தையில் உங்கள் கூடச் சுமடு தூக்கியவர்கள் ஓய்வுக் கொட்டகையில் உங்கள் படத்தை மாட்டியிருக்கிறார்கள். ஓட்டுநர் உரிமத்துக்காக எடுத்து, பிறகு உரிமமே எடுக்காமல் விட்டீர்களே, அந்தப் படம்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

முதுகலை இரண்டாம் ஆண்டில் எங்கள் துறையில் ஒரு வேலை கொடுத்தார்கள். பெயர்பெற்ற ஒருவரை உட்காரவைத்து அவருடைய சிறுவயதை அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும், பதிவுசெய்து எழுத வேண்டும். என் பங்குக்கு ஆமோஸ் முதலாளி வந்தார். முந்திரி ஆலைகள், ஓட்டுக் கம்பெனி, வளைகுடாவில் ஓட்டல். நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வரை அவர் முகம் இல்லாத விளம்பரப் பலகை குறைவு. எழுதுவது நன்றாக வந்தால் அவருடைய அறக்கட்டளையே புத்தகமாகப் போடும் என்றார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது நீங்கள் கால் கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

"எந்த ஆமோஸு? உபதேசியாருக்க மகனா?"

ஆமாம் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "அவனும் நானும் ஒரே பெஞ்சாக்கும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியானால் உங்கள் மகள் என்று சொல்லியே உள்ளே போகிறேன் என்றேன். நீங்கள் துவர்த்தால் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "வேண்டாம் மக்களே. நீயா ஒண்ணும் சொல்லண்டாம். அவனே சொல்லுதானான்னு பாப்பம்."

எதைச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது என் கேள்விப்பட்டியல்தான் முக்கியமாக இருந்தது.

முதல் நாள் அவர் சூளைக் கதையைச் சொன்னார். எல்லா மேடையிலும் சொல்வது. பெருங்கடவிளைச் செங்கல் சூளையில் கல் சுமந்து வளர்ந்தவன் நான், என் தலையில் இன்றும் அந்தத் தழும்பு உண்டு. நடுநடுவே ஆங்கிலம் கலந்த மலையாளத்தில், கையை வீசி, பக்கத்தில் மேலாளர் தலையாட்ட. எழுதிப்பார்த்தேன். உயிரே இல்லை. சூளை இருக்கிறது, சூடு இல்லை.

அன்று மாலை வாசலிலேயே கேட்டீர்கள். "என்னப் பத்தி வல்லதும் சொன்னானா?"

இல்லை என்றேன். அது உண்மை.

பிறகு நான் உங்களிடம் கேட்டேன், சூளையில் பிள்ளைகள் என்ன வேலை செய்வார்கள் என்று. நீங்கள் எவ்வளவு ஆசையாகச் சொன்னீர்கள்! காயாத கல்லைப் பிள்ளைகளைச் சுமக்கவிட மாட்டார்கள். அச்சில் மண் ஒட்டாமல் இருக்க மணல் தூவுவதும், இரண்டாம் நாள் கல்லைச் சரித்து நிறுத்துவதும்தான் பிள்ளைகள் வேலை. அழுத்திப் பிடித்தால் விரல் பதிந்துவிடும், மேஸ்திரி புறங்கையில் அடிப்பான். உங்கள் விரல் பதிந்த ஒரு கல் தப்பித்துச் சூளைக்குள் போய் வெந்து, பாறசாலையில் யார் வீட்டுச் சுவரிலோ இன்றும் இருக்கிறது என்றீர்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பூசாத சுவரைக் கண்டால் தேடுவீர்களாம்.

"ஆமோஸுக்கு இதெல்லாம் மறந்து போயிருக்கும். நீ எழுதிக்கோ" என்றீர்கள்.

எழுதிக்கொண்டேன் அப்பா. மணலை, மேஸ்திரியின் அடியை, சுவருக்குள் இருக்கும் விரலை, எல்லாவற்றையும் எடுத்து அவர் வாயில் வைத்தேன். 'செங்கல் சுமந்த சிறுவன்' என்று அத்தியாயத்துக்குப் பெயரும் வைத்தேன். அடுத்த முறை அவர் அதை வாசித்துவிட்டு, கொள்ளாம், நல்லா வந்திருக்கு என்றார். எந்த இடத்தையும் திருத்தவில்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பாராட்டு வந்ததால் சந்தேகம் வரவில்லை.

இரண்டாம் நாள் முந்திரிக் கதை. கொல்லத்துக்குப் போனது, முதல் வறுப்புக் கொட்டகை. அன்றும் கேட்டீர்கள். அன்றும் இல்லை என்றேன். அதுவும் உண்மை.

மூன்றாம் நாள் மேலாளர் வரவில்லை. பெரிய மழை. கேள்விகள் தீர்ந்துபோய், சும்மா இருக்க வேண்டாமே என்று, அவர் சிறுவயதில் சபையில் அசனம் எப்படி இருக்கும் என்று அவரிடம் கேட்டுவைத்தேன். இந்தக் கடிதத்தை வெளியூர்க்காரர்களும் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பழைய மிஷன் சபைகளில் வருடத்துக்கு ஒருநாள் எல்லா வீட்டு அரிசியையும் ஒன்றாகப் பொங்கி, எல்லாரும் ஒரே வரிசையில் இருந்து சாப்பிடுவோம். அதுதான் அசனம். அதேபோல் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் உலையில் அரிசி போடும்போது ஒரு கைப்பிடியை ஆலயத்துக்கென்று எடுத்து வைப்பாள். அது பிடியரிசி. ஆலயத்துப் பெட்டியில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை சபையை நடத்தும் உபதேசியார் வீட்டுக்குப் போகும். அவருக்கு அதுதான் பாதிச் சம்பளம்.

அசனம் என்றதும் ஆமோஸ் முதலாளி நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். பேசியபோது மலையாளம் போய்விட்டது. நம் வீட்டுப் பேச்சு வந்தது.

"மக்களே, அந்த மிஷின் ஓடட்டும். நிறுத்தண்டாம்."

அவர் அப்பா உபதேசியார் காய்ச்சலில் கிடந்திருக்கிறார். வீட்டில் அடுப்பு எரியவில்லை. பிடியரிசிப் பெட்டியின் சாவி அவர்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும்.

"ஞாயிறாழ்ச்ச ஆனா அந்த அரிசி எங்க வீட்டுக்குத்தான் வரும். வெள்ளியாழ்ச்ச எனக்குப் பொறுக்க முடியல்ல. யோவேலுன்னு ஒரு கூட்டுக்காரன் உண்டு எனக்கு. அவனைத் துணைக்கு விளிச்சேன்."

உங்கள் பெயரை முதல்முறையாக அந்த வீட்டில் கேட்டேன்.

பசியில் அவருக்கு நடை தள்ளாடியதால் பையை நீங்கள் தோளில் வாங்கிக்கொண்டீர்களாம். மரச்சீனிக் கிழங்கு விளையின் வரப்பில் சபை மூப்பர் ஒருவர் பிடித்துவிட்டார். பின்னால் வந்த இவர் செடிக்குள் உட்கார்ந்துவிட்டார். மூப்பர் கேட்டதற்கு "நானாக்கும் எடுத்தேன்" என்று நீங்கள் சொன்னதை அங்கிருந்தே கேட்டிருக்கிறார்.

"நான் எடுத்தேன்னு தெரிஞ்சா எங்க அப்பாவை வேலையிலேருந்து நீக்கிப்போடுவாவ. வீடும் சபைக்க வீடாக்கும். அது யோவேலுக்கும் தெரியும்."

அந்த ஞாயிறு அசனம். கடைசிப் பந்தி எழும்வரை உங்களை ஆலய மணிமேடையின் கருங்கல் படியில் முழங்காலில் நிறுத்தினார்கள். ஒரு பிள்ளையை. பசித்த பிள்ளைகளைச் சோற்றுக்கு எதிரே முழங்காலில் நிறுத்தியவர்கள்தான் அன்று ஸ்தோத்திரமும் பாடியிருக்கிறார்கள். குற்றம் சாட்டச் சூளைக் கூலிக்காரன் மகன் கிடைத்துவிட்டான், பெட்டி எப்படித் திறந்தது, சாவி யார் வீட்டில் தொங்கியது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"நான் மூணாவது பந்தியில இருந்தேன். அவனுக்க நேரே. ரெண்டாமதும் சோறு வாங்கித் தின்னேன்" என்றார் முதலாளி.

அந்த வாரமே உங்கள் அப்பா உங்களைப் பள்ளியிலிருந்து நிறுத்திச் சூளைக்குக் கூட்டிப்போனார். அப்படியானால் சூளையில் வேலை செய்தது யார் என்று கேட்டேன்.

"அவனாக்கும்" என்றார். மழையைப் பார்த்துக்கொண்டே, "இப்ப உயிரோட உண்டோ இல்லியோ" என்றார்.

ஒரு பஸ்ஸில் ஏறினால் அரைமணி நேரத்தில் வரக்கூடிய இடத்தில் நீங்கள் இருந்தீர்கள். இருமல் மருந்து குடித்துவிட்டு, மழைக்குள் நான் எப்படி வருவேன் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அவனே சொல்லுகிறானா என்று பார்ப்போம் என்றீர்கள், அவரே சொல்லிவிட்டார். இனி என் வாயைக் கட்ட ஒன்றுமில்லை. 'உயிரோடு உண்டு, நான் அவர் மகள்' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

நான் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு நின்றுவிடுமோ என்று பயந்தேன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு நல்ல பேட்டி எங்கள் துறையில் யாருக்கும் கிடைத்திருக்காது. என் வாயில் வந்தது "பிறகு?" என்ற கேள்வி.

அன்று மாலை கட்டிலில் படுத்திருந்தீர்கள். இருமல் அடங்கியதும் கேட்டீர்கள். "இண்ணாவது என்னப் பத்தி வல்லதும் சொன்னானா?"

"இல்லப்பா" என்றேன்.

ஏன் என்று என்னையே கேட்டுக் கேட்டுப் பல பதில் வைத்திருக்கிறேன். பேட்டி கொடுத்தவர் தட்டச்சான பக்கங்களை வாசித்துக் கையெழுத்துப் போடும்வரை அதில் உள்ளதை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது துறையின் விதி. கையெழுத்து வந்ததும் அச்சடித்த தாளாகவே உங்கள் கையில் கொடுத்து வாசித்துக் காட்டலாம் என்று நினைத்ததும் உண்மை. ஆனால் அடியில் இன்னொன்று இருந்தது. எனக்கு உங்கள்மேல் கோபம். சின்ன வயதிலிருந்தே உள்ள கோபம். ஒவ்வொரு அசனத்திலும் நீங்கள் வார்ப்பு அண்டாவின் பக்கத்தில் வெந்து நின்று பொங்குவீர்கள், பரிமாறுவீர்கள், பந்தியில் உட்கார மாட்டீர்கள், நம் பங்கை வாளியில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள். நாம் என்ன அவர்கள் வேலைக்காரர்களா என்று பத்தாம் வகுப்பில் நான் கத்தியது நினைவிருக்கிறதா? "எலே யோவேலு, பெட்டி பூட்டியாச்சாக்கும்" என்று வருடாவருடம் யாராவது கிழவர் சிரிப்பார். நீங்களும் கூடச் சிரிப்பீர்கள். அது என்ன வேடிக்கை என்று எனக்கு விளங்கியதே இல்லை. விளங்கிய அன்று, இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் சிரித்துக்கொண்டா இருந்தீர்கள் என்று எரிச்சல் வந்தது. பட்டினி கிடந்தவன்மேல் கோபப்படுவது படித்த எங்களுக்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது, பாருங்கள்.

நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "செரி. பெரிய ஆளுவளுக்கு எத்தன பேர ஓர்ம இரிக்கும்" என்றீர்கள்.

பதினோராம் நாள் காலை சந்தையில் தேநீர் குடிக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். மருத்துவமனைக்கு உயிரோடு வந்து சேரவில்லை. அடக்கத்தன்று உங்கள் கூட்டாளிகள் பெட்டியைத் தூக்க முண்டியடித்தார்கள். "காலம்பூரா சொமந்தவன், இண்ணு சும்மா கெடந்து வாறான்" என்று ஒருவர் சொல்ல, அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். உங்களுக்குப் பிடித்திருக்கும்.

ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் சிறுவயதில் முதலாளி பிடியரிசிப் பெட்டியைத் திறந்தார். கையெழுத்து வரட்டும் என்று நான் பொறுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவையும் விலை கொடுத்தது நீங்கள்.

அடக்கம் முடிந்து ஆறாம் நாள் பக்கங்கள் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் கையெழுத்து இருந்தது. அசனத்தைப் பற்றிய மூன்று பக்கங்கள் மட்டும் இல்லை. மேலாளர் தொலைபேசியில் மிக மரியாதையாகப் பேசினார். சாருக்கு வயதாகிறது, ஏதோ உருக்கத்தில் சொல்லிவிட்டார். இறந்துபோன உபதேசியாரின் பெயர் இருக்கிறது, சபையின் மானம் இருக்கிறது. பிறகு இதையும் சொன்னார்: அந்த யோவேலின் வீட்டாருக்கும் இது வெளியே வந்தால் அவமானம்தானே.

அந்த வீட்டார் அப்போது சாவு வீட்டுப் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சரி சார் என்றேன். அப்பாவே இல்லை, இனி யாருக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புத்தகம் வர வேண்டும், என் பெயர் அட்டையில் வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தால் கொஞ்சம் நேர்மையாக இருந்திருக்கும்.

மூன்று பக்கங்கள் போயின. 'செங்கல் சுமந்த சிறுவன்' அப்படியே இருந்தது.

வெளியீட்டு விழா நெய்யாற்றின்கரையில். அரங்கு நிறைந்த கூட்டம். முதலாளி புத்தகத்தைத் திறந்து ஒரு பத்தி வாசித்தார். காயாத கல்லில் விரல் பதிந்ததையும், அது வெந்து யார் வீட்டுச் சுவரிலோ இருப்பதையும். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தார். அவர்கள் நம் உழைப்பை எடுப்பார்கள், அது தெரிந்த கதை. பட்ட பாட்டையும் எடுத்துக்கொள்வார்கள் என்பதை அன்று பார்த்தேன். எடுத்துக் கொடுத்தவள் மேடையில் பூங்கொத்தோடு இருந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

தட்டி முடித்த கையோடு என்னால் அங்கே இருக்க முடியவில்லை. அவர் காருக்குப் போகும் வழியில் மறித்தேன். மலையாளத்தில் ஆரம்பித்து, நிறுத்தி, நம் பேச்சில் சொன்னேன். "நான் யோவேலுக்க மகளாக்கும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். "அவன் உண்டா?"

"இல்ல. நீங்க என்கிட்ட சொல்லி பதினோராம் நாளு போனாரு."

மேலாளர் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி ஏறவில்லை.

"நான் சொன்னத அவன்கிட்ட சொன்னியா?"

"இல்ல. அவரு கேட்டாரு. நான் சொல்லல்ல."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். கோபமில்லை, பரிகாசமும் இல்லை. "அப்போ நீயும் அண்ணு மூணாவது பந்தியில இருந்தவளாக்கும்" என்றார். ஏறிப் போய்விட்டார்.

அந்த வாக்கியத்தைத் தள்ளிவிடப் பார்த்தேன், முடியவில்லை. அவரைத் திட்டி எழுதத்தான் இந்தக் கடிதத்தை முதலில் தொடங்கினேன். நான்கு தாள் கிழித்தேன். அவர் தின்றார், மூடி மறைத்தார், உங்கள் சிறுவயதை விற்றார், எல்லாம் சரி. ஆனால் அவர் ஒருமுறையாவது சொன்னார். அதை உங்களிடம் கொண்டுவர வேண்டியவள் நான் ஒருத்திதான்.

புத்தகத்திலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லித் துறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். சூளை அத்தியாயம் யாருடையது என்றும் அதில் எழுதியிருக்கிறேன். பட்டம் கிடைக்குமா என்று தெரியவில்லை. விதியை மீறி அந்த மூன்று பக்கங்களை இங்கே வெளியே வைக்கிறேன், அதற்கும் ஏதாவது செய்வார்கள். பதிவு என்னிடம் இருக்கிறது. மழைச் சத்தத்தோடு, உங்கள் பெயரோடு.

வருகிற ஞாயிறு அசனம். அந்த மூன்று பக்கங்களை ஆலயத்தில் வாசிக்க வேண்டும் என்று சபைச் செயலாளர் மாமாவிடம் போய்க் கேட்டேன். உங்களுக்குப் பழக்கமான அதே சிரிப்போடு சொன்னார்: "வருஷம் எத்தனையாச்சு. பழைய அரிசியை எதுக்குப் பிள்ளே இப்பக் கிளறுத?"

"வருஷா வருஷம் பெட்டி பூட்டியாச்சுன்னு சொன்னது நீங்கதானே மாமா" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். ஏலக் கணக்கு நோட்டை மூடி வைத்தார். "ஏலம் முடிஞ்ச பொறவு வாசி. பந்திக்கு முன்னால" என்றார். முதலாளிக்கும் கடிதம் போட்டிருக்கிறேன், வந்து அவரே சொல்லலாம் என்று. இதுவரை பதில் இல்லை. வந்தால் அவர் சொல்லட்டும். வராவிட்டால் பதிவு சொல்லும்.

இதுதான் என் வாக்கு. உங்கள் செந்துளுவன் குலை ஏலம் போனதும் நான் அந்தக் கருங்கல் படியில் ஏறி நின்று மூன்று பக்கங்களையும் ஒரு வார்த்தை விடாமல் வாசிப்பேன். நான் உங்களிடம் பொய் சொன்னதையும் நாலாவது பக்கமாகச் சேர்த்து வாசிப்பேன். அதன்பிறகு அம்மாவை முதல் பந்தியில் உட்காரவைத்து இலை போடுவேன். நான் அன்று உட்கார மாட்டேன். வார்ப்பின் பக்கத்தில் உங்கள் இடத்தில் நின்று பரிமாறுவேன்.

நீங்கள் மூன்றாம் முறை கேட்டதற்கு நான் தவறான பதில் சொன்னேன். சரியான பதில் இது.

சொன்னார் அப்பா. பெயரைச் சொல்லியே சொன்னார். நீங்கள் எடுக்கவில்லை என்று சொன்னார்.

உங்களிடம் இதைச் சொல்லப் பிந்திவிட்ட,
யோவேலின் மகள் எஸ்தர்